தேசிய இனம் என்றொரு கட்டம்

பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் 'தேசிய இனம், சமயம்' என்று ஒரு கட்டம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கட்டம் இருந்ததே நினைவிருக்காது. எழுத்தர் 'இந்தியன், இந்து' என்றோ 'இந்தியன், கிறிஸ்தவர்' என்றோ எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிடுவார். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்து, சேரன்மகாதேவி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இலங்கை அகதி முகாம் பெண்ணுக்கு அந்தக் கட்டம் மறக்காது. கல்லூரி விண்ணப்பத்தில் அதே கட்டம் திரும்ப வரும்போது பேனாவைத் தூக்கிவிடுவாள். பக்கத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வந்த அக்கா ஒருத்தி இருப்பாள். அவளும் அதே முகாம்தான், ஐந்தாறு வருடம் மூத்தவள், அவ்வளவே.

"இலங்கைனு போடு."

"நான் இலங்கையப் பாத்ததே இல்லையேக்கா."

"நான் மட்டும் பாத்தேனா? போடு."

மே, ஜூன் மாதங்களில் எந்த முகாமிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. 'தேசிய இனம்' என்ற இந்தச் சொல்லுக்காகத்தான் கடலுக்கு அந்தப் பக்கம் கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்தது. இந்தப் பக்கம் அது எழுத்தரின் கட்டமாகக் கிடக்கிறது.

ஆப்பிரிக்க அகதிக் குடும்பங்கள் மேலைநாட்டு ஊர்களில் குடியேறும்போது உள்ளூர்த் தன்னார்வலர்கள் எப்படி உதவுகிறார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இங்கே அகதிகளுக்கு யார், எப்படி உதவுகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்று ஓர் ஊர். அருவித் தண்ணீரின் விசையை நம்பி எழுந்த நெசவாலை ஊர் அது. 1880-களில் ஹார்வி கம்பெனி பாபநாசம் அருவியை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை கட்டியதை அறிந்த நமக்கு அந்த ஊரைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமில்லை. ஆலைகள் மூடி ஊர் இளைத்துக் கிடந்த நேரத்தில், 2001 முதல் சோமாலியக் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. மறு வருடமே, இன்னும் ஆட்களை வரவிடாதீர்கள் என்று சோமாலிய மூத்தோருக்கு மேயர் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஊர் இரண்டுபட்டது. ஆனாலும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், பனிக்கால உடுப்பு தேடித் தரவும் ஆட்கள் வந்தார்கள். 2015-ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி, அகதிப் பிள்ளைகள் நிறைந்த அணியோடு மாநிலக் கால்பந்துக் கோப்பையை வென்றது.

இந்தக் கதையில் எனக்கு உறைத்தது வேறொன்று. நிறம், மொழி, மதம், குளிர் என எல்லாமே அந்தச் சோமாலியக் குடும்பங்களுக்கு அந்நியம். ஆனால் அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்படி அழைத்துவரப்பட்டவர் ஓராண்டில் நிரந்தர வசிப்புரிமைக்கும், ஐந்தாண்டில் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். தாமிரபரணிக் கரைக்கு வந்த அகதிக்கோ மொழி, சாமி, சாப்பாடு எதுவும் அந்நியமில்லை. பலருக்கு ஊரில் சொந்தமே இருந்தது. நாற்பது வருடம் கழித்தும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அங்கே தன்னார்வலர் அந்நியரை ஊராராக்கப் பாடுபடுகிறார். இங்கே ஊராராகவே ஆகிவிட்ட ஒருவருக்குக் காகிதம் தேடித் தருவதிலேயே தன்னார்வலரின் ஆயுள் கழிகிறது.

திருநெல்வேலிச் சீமைக்கும் இலங்கைக்கும் இருக்கும் போக்குவரத்து 1983 கலவரத்தோடு தொடங்கியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறப் போனவர்களைத் தட்டப்பாறையில் ஒரு முகாமில் நிறுத்தி, தொற்றுநோய் உண்டா என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தபின் அந்த வேலை மண்டபத்துக்கு மாறியது. போகிறவர்களைச் சோதித்த அதே மண்டபம் முகாம், எழுபது வருடம் கழித்து வருகிறவர்களைப் பதிவு செய்யும் முகாமாயிற்று. இலங்கைத் தோட்டத்துக்குப் போன திருநெல்வேலி ஆட்களின் கதையைப் புதுமைப்பித்தன் 1930-களிலேயே 'துன்பக் கேணி'யில் எழுதிவிட்டார். அதை இன்று வாசிக்கும் ஒருவர், கதையில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், அவர்களில் சிலர் திரும்பி வந்து முகாமில் இருக்கிறார்கள் என்பதே பதில்.

திரும்பி வந்த வழி நேர்வழி இல்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டங்களில் குடியிருந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆட்டைப் பங்கு வைப்பவன்கூட மீதியை இப்படித் தள்ளிவைக்க மாட்டான். 1974-ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்குக் குடியுரிமை உண்டு. கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தப் பட்டியலில் பெயர் வராமலோ, வந்தும் கப்பல் ஏறாமலோ தங்கிவிட்டவர்களில் ஒரு பகுதியினர் 1977 கலவரத்தில் அடிபட்டு, மலையை விட்டு இறங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு தன்னார்வ அமைப்பைச் சொல்லியாக வேண்டும். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் 1970-களில் வவுனியாவில் நடத்திய 'காந்தீயம்'. மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களைக் காட்டோர நிலங்களில் குடியமர்த்தி, கிணறு வெட்டி, பாலர் பள்ளி நடத்தி, பயிர் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1983-ல் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். காந்தீயம் குடியமர்த்திய குடும்பங்களில் பல மறுபடியும் கிளம்பின. இம்முறை கடல் தாண்டி.

1983 ஜூலை 24 முதல் 1987 முடிய 1,34,053 பேர் தமிழ்நாட்டுக்கு வந்ததாக அரசுக் கணக்கு. இந்திய அமைதிப்படை திரும்பிய காலத்தை ஒட்டி, 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை இரண்டாவது அலையில் 1,22,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்கப்புறம் இரண்டு அலைகள். எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம். திரும்பிப் போனவர்களும், வேறு நாடு பார்த்துப் போனவர்களும் போக, 2021-ல் 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர் எஞ்சியிருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வாழ்ந்தவர்கள் இன்னும் 34,000 பேர். முகாம்காரர்களில் ஏறத்தாழ 30,000 பேர் மலையக வழி வந்தவர்கள், அதாவது தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ நம் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம், பழைய மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான தூத்துக்குடியில் தாப்பாத்தி என்று முகாம்கள் அமைந்தன.

முகாம் என்றால் ஆரம்பத்தில் பத்துக்குப் பத்து அடி அறை. தார் அட்டைக் கூரை. வெயிலில் உருகும், காற்றில் பறக்கும். குடும்பம் பெருகினால் இடையில் ஒரு சேலையைக் கட்டித் தடுத்துக்கொள்வார்கள். மலையகத்து ஆட்களுக்கு இந்த அளவு புதிதில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்திலும் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய இதே அறைதான். ஊர் மாறி, நாடு மாறி, வேலை மாறியும் அறையின் அளவு மட்டும் மாறவில்லை. (லயத்து வாழ்க்கையைப் பார்க்க நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் குத்தகைக்குக் கொடுத்த மாஞ்சோலை மலையில் நான்கு தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்கு 2024-ல் கீழே இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தபோது, எங்கே இறங்குவது என்ற அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். அவர்கள் கையில் வாக்காளர் அட்டையாவது இருந்தது.)

உதவ வந்தவர்கள் யார்? முதல் அலையில் ஊரே வந்தது. அரிசி, பாய், பழைய துணி, கல்லூரி மாணவர்களின் ஊர்வலம், உண்டியல். 1983-ல் தமிழ்நாட்டில் யாரும் அதைத் தொண்டு என்று சொல்லவில்லை, கடமை என்றுதான் சொன்னார்கள். அந்த வேகம் எத்தனை வருடம் நிற்கும்? ஊர்ச் சூடு ஆறியபின்னும் நின்று வேலை செய்த அமைப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அவர் ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன். அரசியல் வாரிசாக வலம் வர எல்லா வாய்ப்பும் இருந்தவர், முகாம் முகாமாக அலைவதைத் தேர்ந்துகொண்டார். அந்தக் கழகத்தின் முக்கியமான முடிவு ஒன்று உண்டு: அகதிகளுக்கு உதவும் ஆட்களை அகதிகளிலிருந்தே எடுப்பது. பாலர் பள்ளி ஆசிரியை, சுகாதாரப் பணியாளர், கணக்கு எழுதுபவர் எல்லோரும் முகாமிலேயே வாழ்பவர்கள். 2004 டிசம்பர் சுனாமியில் நம் கடற்கரை சிதைந்தபோது, இப்படிப் பயிற்சி பெற்ற அகதிகள் தமிழ்நாட்டு மீனவக் குடும்பங்களுக்கு உதவப் போனார்கள். வீடிழந்து வாழ்வது எப்படி என்று சொல்லித்தர அவர்களைவிட அனுபவசாலிகள் யார்?

இந்த முடிவின் அருமை 1991-க்குப் பிறகுதான் தெரிந்தது. மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், நேற்றுவரை உறவுக்காரராக இருந்த அகதி ஒரே இரவில் சந்தேக நபரானார். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கல்லூரிகளில் ஒதுக்கியிருந்த இடங்கள் நின்றுபோயின. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதற்கும் தடை வந்தது. அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் என்ற பெயரை முகாமில் பேசப் பழகும் குழந்தைகூட அறிந்திருந்தது. வெளியாள் உள்ளே வர முடியாத அந்த வருடங்களில், உள்ளேயே இருந்த தன்னார்வலரைத் தடுக்க மட்டும் வழியில்லை. 1996-ல் ஆட்சி மாறியபின் கல்லூரிக் கதவு மெல்லத் திறந்தது. தமிழ்நாட்டில் 1990-களிலிருந்து முகாம் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்திவரும் இயேசு சபை அகதிகள் பணி என்ற அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். வியட்நாம் படகு மக்களைப் பார்த்துக் கலங்கிய இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1980-ல் தொடங்கியது அது. ஆப்பிரிக்க முகாம்கள் பலவற்றிலும் வேலை செய்கிறது. பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியை 1923-ல் நிறுவியதும் அந்த இயேசு சபைதான்.

இதையெல்லாம் திருநெல்வேலி முதல் தடவையாகப் பார்த்ததாக நினைத்துவிடக் கூடாது. அடித்துத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைத்துக் கொடுப்பது இந்தச் சீமைக்கு இருநூறு வருடப் பழக்கம். 1799-ல், மதம் மாறியதற்காக வீடு எரிக்கப்பட்ட குடும்பங்களை உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் தேரிக்காட்டு ஓரத்தில் குடியமர்த்தினார். முதலில் அமைந்த ஊர் என்பதால் அதன் பெயர் முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவுக்காக அந்தப் பெயரைச் சொல்கிறோம். அடைக்கல ஊர் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், பத்து வருடம் கழித்து ஒரு தர்ம சங்கம் ஏற்படுத்தினார். சபை மக்களே காசு போட்டு, ஒடுக்கப்பட்டு வெளியேறியவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தருவது அதன் வேலை. மத மாற்றம் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்தச் சங்கத்துக்கு ஒரு விஷயம் விளங்கியிருந்தது: காலடியில் சொந்த மண் இல்லாதவன் மறுபடியும் துரத்தப்படுவான். உகாண்டா இன்று செய்வதும் அதை ஒட்டியதுதான். பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கும் அந்த ஏழை நாடு, குடியிருப்புகளுக்கு வரும் குடும்பத்துக்குப் பயிர் வைக்க ஒரு துண்டு நிலம் தருகிறது. வேலை செய்யவும் நடமாடவும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை கொடுத்திருக்கிறது. நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது, உதவிப் பணமும் குறைகிறது என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் ஊர் செய்த வேலைகளை இனிப் பார்க்கலாம். சொதியிலிருந்து தொடங்குகிறேன். பாசிப்பருப்பை வேகவைத்து, தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காயை வேகவிட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, இரண்டாம் பால் விட்டு, கடைசியாகத் தலைப்பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்தால் திருநெல்வேலிச் சொதி. சைவப் பிள்ளைமார் வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு இது இல்லாமல் நடக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் சொதி அவ்வளவு ஆடம்பரமானதில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், தேங்காய்ப்பால். தண்ணியாக இருக்கும், இடியப்பத்துக்கு மேல் தினமும் ஊற்றிக்கொள்வார்கள். சொதி அங்கிருந்துதான் இங்கே வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். முகாம் பெண்ணும் ஊர்ப் பெண்ணும் முதலில் பேசிக்கொள்ளும் பேச்சு பல நேரம் இதுதான்: "பருப்பு போடுவீங்களா? நாங்க போடுறதில்ல." சீனி என்ற சொல்லும் அப்படித்தான். சென்னையில் சீனி என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். திருநெல்வேலிக் கடையில் கேட்டால் எடை போட்டுவிடுவார். 'என்னால ஏலாது' என்றால் இங்குள்ள கிழவிகளுக்குத் திரும்பக் கேட்காமல் புரியும்.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படிக் கைகொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 'வருத்தம்' என்றால் நோய். "பிள்ளைக்கு ரெண்டு நாளா வருத்தம்" என்று அரசு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு தாய் சொன்னால், நர்ஸுக்கு அது மனக்கவலையாகத்தான் கேட்கும். "கெதியா பாருங்கோ" என்றால் என்ன கேட்கிறார் என்று விழிப்பார்; இங்கே அதற்கு 'வெரசா'. தன்னார்வலர் கூடப் போய் நிற்பதன் பயன் அந்த இடத்தில்தான் தெரியும். அயல்மொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. தமிழிலிருந்து தமிழுக்கு ஒருவர் வேண்டும் என்பது வரிசையில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அடுத்த தலைமுறைக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. வீட்டில் 'ஓம்', பள்ளிக்கூடத்தில் 'ஆமா' என்று வாசலைத் தாண்டும்போதே நாக்கை மாற்றிக்கொள்ளப் பழகிய பிள்ளைகள் அவர்கள். இளவயதில் முகாமுக்கு வந்த தொ. பத்தினாதன் தன் அனுபவத்தைப் 'போரின் மறுபக்கம்' என்ற நூலாக எழுதியிருக்கிறார். உறவென்று நம்பி வந்த இடத்தில் அகதி என்ற சொல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அறிய அதைத் தேடி வாசிக்கலாம்.

வேலை என்றால் ஆண்களுக்குப் பெயிண்ட் வேலை. தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களின் தொழில் இதுவாகிப் போனதற்குக் காரணம் எளிது. சான்றிதழ் கேட்காத வேலை, தினக்கூலி, வேண்டியபோது விட்டுவிட்டு முகாமுக்கு ஓடிவரலாம். கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்காவிட்டால் அரசு தரும் பணக்கொடைக்கு ஆபத்து. ஆகவே தூரத்து ஊரில் மாதச் சம்பளத்துக்குப் போவது கடினம். பொறியியல் படித்த பையனும் கடைசியில் தகப்பனோடு சாரத்தில் ஏறிச் சுவருக்குப் பட்டி பார்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அரசு வேலைக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் கிடையாது. மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலரிடம் "படிச்சு என்னக்கா ஆகப்போவுது?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டால், அவளுக்குச் சொல்ல நேர்மையான பதில் எதுவும் இல்லை. அவளும் பட்டதாரிதான்.

எனவேதான் காகிதம். இந்த ஊர்த் தன்னார்வலரின் பையில் அரிசி இருக்காது, நகல்கள் இருக்கும். பிறப்புச் சான்று, முகாம் அடையாள அட்டை, இலங்கையில் தகப்பன் பிறந்ததற்கான அத்தாட்சி. முகாமில் பிறந்த குழந்தைக்கு நம் ஊராட்சியோ மாநகராட்சியோ பிறப்புச் சான்று கொடுத்துவிடும். அது குடியுரிமை ஆகாது. இலங்கைக் குடியுரிமையும் தானாக வராது. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்தக் குழந்தை இரண்டு நாட்டுக்கும் இல்லை. மறுவாழ்வுக் கழகத்தின் ஆட்கள் முகாம் முகாமாகப் போய்ப் பட்டியல் எடுத்து, மொத்தமாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தது கண்ணுக்குத் தெரியாத பெரிய வேலை. மலையக வழி வந்தவர்களுக்கு இலங்கை 2003-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்நாட்டிலேயே தொடர்ந்து வசித்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. கலவரத்துக்குத் தப்பி இந்திய முகாமில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று 2009-ல் அதைத் திருத்தினார்கள். திரும்பிப் போக நினைத்தவர்களுக்கு அந்தத் திருத்தம் வழி விட்டது.

இங்கேயே இருந்துவிட நினைப்பவர்களுக்குக் கதவு எந்தப் பக்கம்? நம் குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் நுழைந்த 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் அந்தக் கதவைச் சாத்தியது. படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் எப்படி இருக்கும்? 2019 ஜூன் 17 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையக வழி வந்த 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே வருட டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

மாநில அரசு செய்யக்கூடியதைச் செய்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். 7,469 புதிய வீடுகள். குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றாயிற்று. பெயர் மாற்றத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை; பள்ளிக்கூடத்தில் "ஏல அகதி" என்று கூப்பிடப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். பத்துக்குப் பத்து அறைக்குப் பதில் சுமார் 300 சதுர அடியில், கான்கிரீட் கூரையோடு, உள்ளேயே கழிப்பறையோடு வீடு என்பதும் சின்ன விஷயம் இல்லை. பட்டா மட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று விலக்கு அளித்தது. தண்டிக்கமாட்டோம் என்றதே தவிர, குடிமகன் என்று சொல்லவில்லை.

இவ்வளவு இறுக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. நம் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் இதைக் காட்டி வழக்குப் போட்டார். 2022-ல் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். இந்தியாவில் பிறப்பை மட்டும் காட்டி வென்று வந்த முகாம்வாசி.

முதல் அலை வந்தது 1983 ஜூலை 24-ல். அன்றிலிருந்து 1987 ஜூன் 30 வரை, நாலு வருடம்கூட முழுசாக இல்லை. அந்த இடைவெளியில் இங்கே பிறந்தவர்களுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவர்களில் எத்தனை பேர் கையில் பிறப்புச் சான்று இருக்கும்? முகாமில் மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள் உண்டு. பதிவாகியிருந்தாலும் அந்தக் காலத்துப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், செல்வராசா செல்வராஜ் ஆகியிருப்பார். முகவரி முகாமின் பெயராக இருக்கலாம், தங்கியிருந்த சொந்தக்காரர் தெருவாக இருக்கலாம். அந்தக் குடும்பம் அப்போது ஒரு முகாமில் இருந்து, பிறகு இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், தேட வேண்டிய பதிவேடு வேறு மாவட்டத்தில் இருக்கும்.

திருநெல்வேலியில் இன்று ஒருவர் முகாமுக்குப் போய் ஏதாவது செய்யலாமா என்று கேட்டால், நான் பாயும் போர்வையும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிப் பதிவறையிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நாலைந்து நாள் உட்காரப் பொறுமை உண்டா என்று கேட்பேன். உண்டு என்றால், கூட ஒரு முகாம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வேன். செல்வராஜ் என்று எழுதியிருப்பது எந்தச் செல்வராசா என்று அவளுக்குத்தான் தெரியும்.